மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்கிறோம் என்று 86,400 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், தயவுசெய்து படியுங்கள்

86,400 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வாரமாக யாரிடம் வாயைத் திறந்தாலும் "எவ்வளவு போச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 86,400. நாலு தவணையாக, என் போனிலிருந்து, நானே பின் நம்பர் அழுத்தி அனுப்பியது.

திருச்சி உறையூர்ப் பக்கம் எங்களுக்குச் சொந்த வீடு. தரைத்தளம், அதற்கு மேல் மொட்டை மாடி, அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில் ஐந்தாறு வருடமாகச் செல்போன் டவர் நிற்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும் என்பது எங்கள் ஏரியாவுக்கே தெரியும். பால் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த டவரை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். பொறாமை என்று சொல்ல மாட்டேன். சரி, பொறாமைதான்.

போன மாதம் பழைய ஃபிரிட்ஜை விற்கலாம் என்று ஒரு ஆப்பைத் திறந்தேன். பழைய வண்டி, கட்டில், வாடகை வீடு எல்லாம் வருமே, அந்த மாதிரி ஆப். "மொட்டை மாடி சும்மா கிடக்கிறதா? 5ஜி டவர் அமைக்க இடம் தேவை" என்று ஒரு விளம்பரம். மேலே நம் எல்லோருக்கும் தெரிந்த மூன்று செல்போன் கம்பெனிகளின் சின்னம். நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் போன் வந்துவிட்டது.

இருபது லட்சம் அட்வான்ஸ், ஐம்பதாயிரம் வாடகை, வீட்டில் ஒருவருக்கு வேலை என்றெல்லாம் அளந்திருந்தால் நான் சிரித்துவிட்டு வைத்திருப்பேன். அப்படிப்பட்ட மெசேஜ்களைப் பற்றிக் குடும்ப குரூப்பில் மற்றவர்களை எச்சரித்தவனே நான்தான். இவன் அப்படிச் சொல்லவில்லை. "சார், உங்களுது சின்ன வீடு. பெரிய டவர் வராது, கம்பம் மாதிரிதான் நிக்கும். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், வாடகை பதினாலாயிரம். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றான். நான் பதினாறு கேட்டேன். மேனேஜரிடம் பேச வேண்டும் என்று வைத்துவிட்டான். மறுநாள் கூப்பிட்டு, பதினாலரைக்கு மேல் ஒரு பைசா முடியாது என்றான். பேரம் பேசி ஜெயித்த சந்தோஷம் எனக்கு. இல்லாத வாடகைக்கு ஐநூறு ரூபாய் ஏற்றி வாங்கியிருக்கிறேன்!

அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வானத்திலிருந்து எடுத்த எங்கள் தெரு. நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் எங்கள் வீடு. பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பக்கத்தில் பழைய சாமான்மேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாயும் தெரிந்தன. "சேட்டிலைட் சர்வேல உங்க பாயின்ட்தான் சார் செலக்ட் ஆகியிருக்கு." இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் மேப்பிலிருந்து எடுக்கலாம், வட்டம் போட அரை நிமிஷம் போதும். லொகேஷனை அனுப்பியதே நான்தான்! ஆனால் அந்த நேரத்தில் அது எதுவும் தோன்றவில்லை. யாரோ பெரிய ஆபீஸில் உட்கார்ந்து, இத்தனை வீடுகளுக்கு நடுவே எங்கள் வீட்டைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அப்புறம் "சைட் சர்வே". மாடியின் நடுவில் நின்று, போனில் திசைகாட்டி பார்த்து, எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னான். நீள அகலமும் வேண்டுமாம். டேப்பின் ஒரு முனையை என் மாமியார் பிடித்துக்கொண்டார். 31 அடிக்கு 24 அடி. "கொடியில காயுற புடவைய எடுத்துடட்டுமா மாப்ளே?" என்று கேட்டார். இருக்கட்டும் அத்தை என்றேன். கிழக்கே எடுத்த படத்தில் அவருடைய பச்சைப் புடவையும் அதற்கு மேலே தூரத்தில் மலைக்கோட்டை உச்சியும் பளிச்சென்று விழுந்திருந்தன. தெற்கே எடுத்த படத்தில் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சுவர்தான் முழுக்க. மூன்று மாடிச் சுவர். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் பணம் பதிவுக் கட்டணம், 2,900. இரண்டாவது 14,500, டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தரும் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, சாக்ஃபா கிளியரன்ஸ், கதிர்வீச்சுச் சான்றிதழ் மூன்றுக்கும் சேர்த்து. சிங்க முத்திரை போட்ட கடிதம் வந்தது. அதில் "தொலைத்தொடர்பு" என்ற சொல்லிலேயே ஒற்று விட்டுப்போயிருந்தது. அரசாங்கக் கடிதம்தானே, இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டவர் வைக்க என்.ஓ.சி. கொடுக்கிற வேலை டிராய்க்குக் கிடையவே கிடையாது. அவர்களே இதைப் பலமுறை அறிவித்திருக்கிறார்கள், நான்தான் காசு போன பிறகு படித்தேன். சாக்ஃபா என்பது நிஜமாகவே இருக்கிறது, அதுதான் கொடுமை. டவரின் இடத்தையும் உயரத்தையும் பார்த்து, விமானங்களுக்கும் மற்ற வயர்லெஸ் நிலையங்களுக்கும் இடைஞ்சல் வராதா என்று சரிபார்த்துத் தரும் மத்திய அரசு அனுமதி அது. அதற்கு விண்ணப்பிப்பது செல்போன் கம்பெனி. கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறைக்குச் சான்று கொடுக்க வேண்டியதும் கம்பெனிதான். வீட்டுக்காரன் இதற்கெல்லாம் ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

பணத்தைவிட எனக்கு அதிகம் வலிப்பது அடுத்த விஷயம். குடியிருப்புப் பகுதி என்பதால் சுற்றியுள்ள நாலு வீட்டுக்காரர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கச் சொன்னான், அதற்கு ஒரு படிவமும் அனுப்பினான். காசு கேட்காத ஒரு வேலையை நடுவில் செருகினால் மற்றதெல்லாம் நிஜம் மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று பேர் போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா போடவில்லை. அவர் பேத்திக்கு ஒன்றரை வயது. "உனக்கு வாடகை, எங்களுக்குக் கதிரா தம்பி?" என்று கேட்டார். நான் விடவில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி, 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட்தான் என்று அவர் வாசலில் நின்று வகுப்பு எடுத்தேன். தகவல் சரிதான். ஆனால் வராத டவருக்காக, அதுவும் ஒரு திருடனுக்கு வக்கீலாக, அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவ்ளோ நல்லதுன்னா உன் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுக்கோ" என்றார். நான் திருப்பி ஒரு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். பதினெட்டு வருடப் பழக்கம். இப்போது வாசலில் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார்.

கையெழுத்து மூன்றுதான் என்றதும் "பரவாயில்ல சார், மெஜாரிட்டி இருக்கு" என்று அவனே முடித்துவிட்டான். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் தயார், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 27,000 கட்டினால் உடனே ரிலீஸ் என்றான். அதிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டேன்தான்! "சிஸ்டம் அலோ பண்ணாது சார்." கட்டினேன். பணம் போனது ஏதோ ஒரு பெண் பெயரில் இருந்த தனிநபர் கணக்குக்கு. யார் என்றால், அக்கவுன்ட்ஸ் மேடமாம். கடைசியாக, டவர் சாமான் லாரியில் ஏறிவிட்டது, டிரான்சிட் இன்ஷூரன்ஸ் 42,000 கட்டினால் இறக்கும்போது திருப்பித் தந்துவிடுவோம் என்று ஒரு லாரிப் படம். ஏற்கெனவே 44,400 போயிருந்தது. இதைக் கட்டாவிட்டால் அதுவும் போய்விடுமே என்ற பயத்தில்தான் கட்டினேன், ஆசையில் இல்லை. மனைவியின் சீட்டுப் பணம் அது. மொத்தம் 86,400.

லாரி வரவில்லை. முதல் நாள் விழுப்புரத்தில் டயர் பஞ்சர் என்றான். இரண்டாம் நாள் டோல்கேட்டில் பேப்பர் பிரச்சினை. மூன்றாம் நாள் எடுக்கவில்லை. நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் அவன் படமே காணோம்.

அந்த ஆப்காரர்களுக்கு எழுதினேன். வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை, பணப் பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை என்று பதில். மறுபடி எழுதினேன், அதே பதில், ஒரு கமா கூட மாறவில்லை. பேங்கில் போய்க் கேட்டால், "சார், ஹேக் ஆகலையே, நீங்களே பின் போட்டுத்தானே அனுப்பியிருக்கீங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்கள். ஸ்டேஷனில், இது சைபர் கிரைமுக்குப் போகணும் என்றார்கள். 1930 என்ற எண்ணுக்கு நான் அடித்தது ஐந்தாம் நாள். அது சைபர் மோசடிக்கான மத்திய அரசின் உதவி எண். உடனே சொன்னால் பணம் போன கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். எனக்குப் போனில் பேசியவர் ஒருவர்தான் மரியாதையாகப் பேசினார், ஆனால் நேரம் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் மிச்சம் 212 ரூபாய் இருந்ததாம். என் 86,400 எங்கே, 212 எங்கே.

நேற்று அந்த இரண்டு தெரு தள்ளி இருக்கும் டவருக்கு வேலை பார்க்க வந்த டெக்னீஷியன் தம்பியைப் பிடித்தேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் எங்கள் மாடிக்கு வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். கல்யாண மண்டபச் சுவரைத் தட்டி, "அண்ணா, இவ்ளோ ஒசரம் பக்கத்துல நிக்கும்போது உங்க மாடியில ஆன்டெனா வச்சா தெக்குப் பக்கம் சிக்னல் எங்க போகும்? வைக்கிறவன் மண்டபத்து மேலல்ல வைப்பான்?" என்றார். நான் தினமும் துணி காயப்போடும் இடத்துக்கு எதிரே நிற்கும் சுவர். அது எனக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கே சிக்னல் குறைகிறது, எங்கே ஆட்கள் அதிகமாகி நெரிசல் வருகிறது என்று ரேடியோ எஞ்சினியர்கள் பார்த்து மேப்பில் ஒரு புள்ளி வைப்பார்கள். அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். நெருக்கமான ஊர்ப் பகுதி என்றால் சில வீடுகள்தான் அதற்குள் வரும். அந்த வட்டத்துக்குள் இரண்டு மூன்று இடங்களைத் தேடி ஆள் நேரில் வருவார். பத்திரம், வில்லங்கம் பார்ப்பது அவர்கள் வக்கீல். டவரின் பாரம் தளத்தில் நேராக உட்காராது, தூண்களின்மேல் இரும்புச் சட்டம் போட்டு அதில் நிற்கும் என்பதால் தூண் தாங்குமா என்று சோதிக்க ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வருவார். பேட்டரி கேபினெட் வைக்க இடம், கேபிள் வர வழி எல்லாம் பார்ப்பார்கள். இத்தனையும் அவர்கள் செலவு. "நாங்கதான் அண்ணா வீடு தேடி அலைவோம். போன்லயே சைட்டு முடிச்சு ஒரு டவர்கூட நான் ஏறுனதில்ல" என்றார். டீ கூடக் குடிக்காமல் போனார், நல்ல பையன்.

எப்படித் தப்பிக்கலாம் என்று விவரமாகப் பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. டவருக்கு இடம் கொடுப்பவரிடம் யார் எந்தப் பெயரில் காசு கேட்டாலும் அது திருட்டு. தனிநபர் கணக்குக்கு வரி, கட்டணம் எதுவும் அனுப்பாதீர்கள். உங்கள் பக்கத்தில் எங்கெங்கே டவர் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் பார்க்கலாம். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930, என்னைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் காத்திருக்காதீர்கள். பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்பு மட்டும் வந்தது என்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே புகார் செய்யுங்கள். அவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது.

இதை எழுதுவதற்கு முன்னால் அந்த ஆப்பை மறுபடி திறந்தேன். விளம்பரம் இன்னும் ஓடுகிறது. எண் வேறு, படம் வேறு. "சர்வே முடிந்த எங்கள் திருச்சி சைட்" என்று போட்டு ஒரு மொட்டை மாடிப் படம். தூரத்தில் மலைக்கோட்டை, முன்னால் கொடியில் பச்சைப் புடவை. புகார் பட்டனை அழுத்தினேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது: "உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. விதிமீறல் எதுவும் இல்லை."