தமிழ்99 விசைப்பலகை: வரிக்கணக்குக்கும் சிறுகதைக்கும் நடுவே

தமிழ்99 என்பது கணினியில் நேரடியாகத் தமிழ் எழுத்துகளை அடிப்பதற்கான விசை அமைப்பு. இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய விண்டோஸ் கணினிகளிலும் மேக்கிலும் தமிழ்99 ஏற்கெனவே இருக்கிறது. மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, இந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நான் பட்டயக் கணக்காளர், சிறுகதையும் எழுதுகிறவள். எனக்கு எப்போது எழுத நேரம் கிடைக்கும் என்பதை வரி நாள்காட்டிதான் முடிவுசெய்கிறது. மாதம் பிறந்தால் 7-ஆம் தேதி டிடிஎஸ் என்னும் பிடித்த வரியைக் கட்ட வேண்டும், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 20-இல் 3பி என்று ஜிஎஸ்டி படிவங்கள். ஏப்ரலை வங்கிக் கிளைத் தணிக்கை விழுங்கிவிடும், செப்டம்பரை வரித் தணிக்கை அறிக்கைகள். மிச்சமிருக்கும் இரவுகளில், சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். எழுத்தாளர் அ. முத்துலிங்கம் கணக்காளர்தானே, வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதவில்லையா என்று உறவினர்கள் ஊக்கப்படுத்துவார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் இருவரின் பெயரையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தங்கள் வரிக்கணக்குப் படிவத்தையும் நீட்டுவார்கள்.

முன்பு நான் எல்லாரையும் போல ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக்கும் முறையில்தான் எழுதினேன். பகல் முழுவதும் ஆங்கிலத்தில் தணிக்கைக் குறிப்பு எழுதிய விரல்கள் இரவிலும் அதே எழுத்துகளைத்தான் தேடின. கதையில் ஒரு கிழவி கோபமாகப் பேச வாயெடுப்பாள். நான் ‘ண’ வருவதற்கு ஷிப்டை அழுத்தினேனா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் கிழவியின் கோபம் தணிந்துவிடும்.

தமிழ்99-ல் ஆங்கிலத்தின் வழியாகப் போக வேண்டியதே இல்லை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அதிகம் புழங்கும் க, ப, ம, த, ந, ய ஆகியவை வலக்கை இயல்பாக அமரும் நடு வரிசையிலேயே இருக்கின்றன. புள்ளி இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில், ஆங்கில எஃப் இருக்கும் இடத்தில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது. இதை வடிவமைத்தவர்கள் தமிழ்ச் சொல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

சான்று: ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளுக்கும் அப்படியே. ‘கணக்கு’ என்று எழுத ஐந்து அழுத்தங்கள் போதும். பழைய முறையில் ஏழு, கூடவே ஒரு ஷிப்ட். தொழில்புத்தி இதைக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் அழுத்தங்களின் சேமிப்புக்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. விசைப்பலகை மாறும்போது நானும் மாறிவிடுகிறேன் என்பதே காரணம். தமிழ் இடங்களுக்கு விரல் போனதும் அலுவலகம் பின்னால் நின்றுவிடுகிறது.

குறைகள் உண்டு. தானாக விழும் புள்ளி சில சொற்களில் காலை வாரும். ‘தத்துவம்’ என்று அடிக்கப் போனால் சொல்லே ‘த்’ என்று தொடங்கிவிடும். முதல் ‘த’வுக்குப் பின் ‘அ’வை அழுத்தித் தடுக்க வேண்டும். ஆங்கிலப் பலகையில் சதுர அடைப்பும் அரைப்புள்ளியும் ஒற்றை மேற்கோளும் இருந்த விசைகளில் எழுத்துகள் உட்கார்ந்துவிட்டன. உரையாடல் நிறைய எழுதுகிற எனக்கு மேற்கோள் குறி பழகத்தான் மற்ற எல்லாவற்றையும்விட நாளானது.

இன்னொன்று, என்னைப் போன்றவர்களுக்கு மட்டும். தமிழிலிருந்து மாற்ற மறந்து எக்செலுக்குப் போனால், கூட்டல் சூத்திரத்துக்கு எஸ், யு, எம் என்று அடிக்கும்போது ‘இறர’ என்று விழும். எக்செல் அதைப் பெயர்ப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும் என்பதால் கணக்குக்கு ஆபத்தில்லை. பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிட்டால் மானத்துக்கு ஆபத்து. எண்கள் மேல்வரிசையிலும் வலப்பக்க எண்பலகையிலும் இருந்தபடியே இருப்பதால் தொகைகளை அடிப்பதில் எந்தச் சிக்கலும் வராது.

கைப்பேசிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். இத்தனை விசைகளைச் சிறிய திரையில் நெருக்கினால் கட்டைவிரலுக்கு இடமில்லை. பத்து விரலுக்காகச் செய்த அமைப்பின் அழகும் அங்கே போய்விடுகிறது. அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதிப் பழைய தட்டச்சுப்பொறி முறையில் கை தேர்ந்தவர்களும் மாற வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே தமிழில்தான் அடிக்கிறார்கள்.

மற்றவர்கள் ஜூன் மாதத்தில் தொடங்குங்கள். கணக்காண்டு முடியும் மார்ச் பக்கம் வேண்டவே வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு வேகம் பாதியாகும், எரிச்சல் வரும்; அந்த நாட்களில் கதை எழுத முயலாமல் பழைய கடிதம் எதையாவது பார்த்து அடியுங்கள். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒட்டாதீர்கள், கண் கீழேயே கிடக்கும். அமைப்பின் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் போதும்.