டோபர்மேன் ஆளைக் காக்கும், ராட்வீலர் இடத்தைக் காக்கும்

காவலுக்கு டோபர்மேன் நல்லதா, ராட்வீலர் நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காக்க வேண்டியது ஆளையா, இடத்தையா? பெரும்பாலானோர் இதை எதிர்பார்ப்பதில்லை. இரண்டும் கறுப்பும் பழுப்புமான நிறம், இரண்டும் ஜெர்மனியில் உருவானவை, இரண்டுக்கும் முரட்டு நாய் என்ற பெயர். ஒன்று ஒல்லி, ஒன்று தடி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

என் வீட்டில் சீசர் என்ற டோபர்மேன் குட்டியாக வந்து கடைசிவரை இருந்தான். அவனுடைய நடுவயதில் பொம்மி என்ற ராட்வீலர் பெண்குட்டி வந்தாள், இப்போதும் இருக்கிறாள். சில வருடங்கள் இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. அதனால் ஒரே ஆளுக்கும் ஒரே சத்தத்துக்கும் ஒரே கட்டளைக்கும் இவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பக்கத்தில் வைத்தே பார்க்க முடிந்தது. இரண்டே நாய்களை வைத்து இனத்தைப் பற்றிப் பேசலாமா என்றால், முழுக்கப் பேச முடியாதுதான். ஒன்று ஆண், ஒன்று பெண் என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஆனால் இவற்றின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, என் வாசலில் பார்த்தது தற்செயல் இல்லை என்று தோன்றியது.

அப்போல்டா என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் வரி வசூலித்துவந்த லூயி டோபர்மேன், வசூலுக்குப் போகும்போது தனக்குத் துணையாக வர ஒரு நாய் வேண்டும் என்று இந்த இனத்தை உருவாக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். ஓர் ஆளின் கூடவே நடந்து, அந்த ஆளின் மேலேயே கண் வைத்திருக்க வேண்டிய நாய் அது. ராட்வீலர் அதைவிட மிகப் பழையது. கசாப்புக்காரர்கள் மாடுகளை ஓட்டிச் செல்லவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய். ரயிலில் மாடுகளை ஏற்றத் தொடங்கியதும் அதற்கு வேலையில்லாமல் போய் இனமே அருகியது. 1910இல் போலீஸ் நாயாக அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் நிமிர்ந்தது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய மாட்டின் எதிரே பதறாமல் நிற்பதும், உடம்பால் தள்ளுவதும், காவலில் விட்ட பொருளைவிட்டு நகராமல் இருப்பதும் அதன் ரத்தத்தில் ஊறியவை.

கூரியர்காரர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே சீசர் எழுந்துவிடுவான். கதவுக்கு ஓடுவான், குரைப்பான், உடனே என்னிடம் ஓடிவந்து முகத்தைப் பார்ப்பான், மறுபடி கதவுக்கு ஓடுவான். நான் வாசலுக்குப் போனால் என் முழங்காலை உரசிக்கொண்டே கூட வருவான். வந்தவரிடம் நான் சிரித்துப் பேசினால் குரைப்பு பாதியில் நின்றுவிடும். என் குரல் கொஞ்சம் தடித்தால் போதும், கழுத்தை நீட்டி முன்னங்கால்களை ஊன்றிவிடுவான். வந்தவரைவிட என்னைத்தான் அவன் அதிகம் கவனித்துக்கொண்டிருந்தான்.

பொம்மி படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்குவாள். தாழ்ப்பாள் ஓசை கேட்ட பிறகுதான் எழுவாள். மெல்ல நடந்துவந்து வாசலில் குறுக்காக நின்றுகொள்வாள். குரைப்பது அபூர்வம். வால் அசையாது, வாய் மூடியிருக்கும். ராட்வீலர் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு அசையாமல் பார்த்தால் ஓரடி பின்னால் போவதே நல்லது. நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. நான் வெளியே போனால் சீசருக்கு எல்லாமே பதற்றம். அவளுக்கு வாசல் அப்படியே இருக்கிறது, அவளும் அப்படியே இருக்கிறாள்.

ஒரு முறை இரவில் யாரோ பின்பக்கச் சுவரேறிக் குதித்தார்கள். சீசர் என் கட்டிலருகே வந்து நின்று விடாமல் குரைத்தான். நான் எழுந்து நடந்தபோதும் என்னைவிட்டு ஒரு முழம் விலகவில்லை. பொம்மி எங்கே என்று தேடினால் பின்கதவை ஒட்டி, மூக்கைக் கதவிடுக்கில் வைத்து நின்றுகொண்டிருந்தாள். தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல், அது மட்டும்தான். வந்த ஆள் திரும்பச் சுவரேறிப் போன சத்தம் கேட்டது. அதன் பிறகும் அவள் வெகுநேரம் அங்கிருந்து வரவில்லை. யாரும் யாரையும் கடிக்கவில்லை. நல்ல காவல் நாய் கடிக்க வேண்டிய நிலை வருவதே அரிது.

தெருவில் நடக்கும்போது கதை தலைகீழ். எதிரே ஒருவர் தள்ளாடிக்கொண்டு வந்தால் சீசர் பக்கம் மாறி எனக்கும் அவருக்கும் நடுவில் வந்துவிடுவான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பொம்மிக்கோ வீட்டு எல்லை தாண்டினால் கடமை முடிந்தது. முகர்ந்து பார்க்க மரங்கள் இருக்கின்றன, மனிதர்களைப் பற்றி என்ன கவலை? இரவில் தனியாக நடப்பவர்களுக்குத் துணை வேண்டுமென்றால் நான் டோபர்மேனைத்தான் சொல்வேன். தோட்டத்தையோ கிடங்கையோ பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் ராட்வீலரை.

வீட்டுக்குள் இரண்டுமே பிசின்தான், ஆனால் ஒட்டும் விதம் வேறு. சீசரால் ஓர் அறையில் தனியாக இருக்க முடியாது. குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியே படுத்துக்கொண்டு கதவின் அடியில் மூக்கை நுழைப்பான். டோபர்மேனைக் கொல்லையில் கட்டி வளர்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு இனம் பார்க்கவும். அதன் மெல்லிய முடிக்குக் குளிரும் ஆகாது, தனிமையும் ஆகாது. வேலையும் துணையும் குறைந்தால் இந்த இனத்தில் சில நாய்கள் போர்வையையோ தங்கள் வயிற்றோரத் தோலையோ மணிக்கணக்கில் சப்பிக்கொண்டிருக்கும். பரம்பரைக் கூறும் இதில் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். சீசர் போர்வைக்காரன். மழை விடாமல் பெய்து நடை தவறிய வாரங்களில் போர்வையின் ஒரு மூலை எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

பொம்மி பக்கத்தில் வந்து முழு எடையையும் கால்மேல் சாய்த்துவிடுவாள். தடவிக்கொடுத்தால் உறுமுவாள். இது கோபமில்லை, ராட்வீலர்கள் பலவும் சுகத்தில் இப்படித்தான் முனகும். ஆனால் விருந்தாளிக்கு அது தெரியாது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லா உறுமலையும் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டால் உண்மையான எச்சரிக்கையைத் தவறவிடுவோம். உடம்பு தளர்ந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று பார்க்கப் பழக வேண்டும். சின்னக் குழந்தைகளிடம் அவளுக்கு அளவற்ற பொறுமை. இருந்தாலும் இடுப்பால் இடித்து நகர்த்தும் பழக்கம் போகவில்லை. மாட்டுக்கு அது சரி, மூன்று வயதுப் பிள்ளை விழுந்துவிடும். எந்த நாயையும் குழந்தையோடு தனியே விடக் கூடாது என்பது இந்த இனத்துக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

பயிற்சியில் சீசர் ஒரு வரம், கூடவே ஒரு தலைவலி. எதைச் சொன்னாலும் நாலைந்து தடவையில் பிடித்துக்கொள்வான். பிரச்சினை, நான் சொல்வதற்கு முன்பே செய்வது. தின்பண்டப் பையை எடுத்தாலே உட்கார்ந்து, படுத்து, கை கொடுத்து, மறுபடி உட்கார்ந்து, தெரிந்த வித்தை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிவிடுவான். அவனுக்கு நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது. இன்னொன்று, அவனிடம் குரலை உயர்த்தவே முடியாது. ஒரு முறை அதட்டினால் காதைப் படியவிட்டு உதட்டை நக்குவான். மறுநாள் அதே இடத்தில் அதே கட்டளைக்குத் தயங்குவான். பார்க்க இரும்பு, உள்ளே அத்தனை மென்மை. அடித்துப் பழக்குபவர்கள் கையில் டோபர்மேன் ஒன்று நடுங்கும், அல்லது பயத்தில் கடிக்கும்.

பொம்மி முதல் தடவை செய்வாள், இரண்டாம் தடவையும் செய்வாள், மூன்றாம் தடவை ‘அதான் செய்துவிட்டேனே’ என்பதுபோலப் பார்ப்பாள். மந்தபுத்தி என்று நினைக்க வேண்டாம். அவளுக்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு. கையால் தள்ளி உட்காரவைக்க முயன்றால் எதிர்த்துத் தள்ளுவாள். கயிற்றை இழுத்தால் அவளும் இழுப்பாள், அந்தப் போட்டியில் மனிதர் ஜெயிப்பதில்லை. அவள் இழுக்கும்போதெல்லாம் நான் கல்லாக நின்றேன், கயிறு தளர்ந்தால் மட்டும் நடந்தேன். சலிப்பூட்டும் வேலை, மாதக் கணக்கில் ஆனது. ஒரு வயதுக்கு மேல் இரண்டு வயதுவரை கற்றதையெல்லாம் மறந்ததுபோல நடித்த காலம் தனி. ஆனால் ஒன்றைக் கற்றுவிட்டால் அது கல்மேல் எழுத்து. ‘இரு’ என்று சொல்லிவிட்டு நான் கண்ணுக்கு மறைந்தால் சீசர் தேடி வந்துவிடுவான். பொம்மி அங்கேயே இருப்பாள், சில சமயம் தூங்கியும் போயிருப்பாள்.

இரண்டுக்கும் பொதுவானது, குட்டிப் பருவத்தில் வெளியுலகைக் காட்டுவது. பிறந்த 3ஆம் வாரம் தொடங்கி ஏறக்குறைய 12 முதல் 14 வாரம் வரை பார்க்கும் மனிதர்கள், சத்தங்கள், தரைகள் எல்லாம் பிறகு இயல்பானவையாகிவிடும். இதில் ஒரு முரண்: குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் வரவைக்கும் பார்வோ கிருமி கடுமையாகத் தாக்கும் இனங்களாக மருத்துவர்கள் குறிப்பிடுபவற்றில் இவை இரண்டும் உண்டு, தடுப்பூசி முடியும் முன் கண்ட இடத்தில் நடக்கவிடவும் முடியாது. நான் தோளில் தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டினேன். பொம்மி குட்டியாக இருக்கும்போதே கனம், கை வலி இன்னும் நினைவிருக்கிறது.

கடிக்கப் பழக்குவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சங்கிலியில் கட்டி, குச்சியால் சீண்டி, சாக்குப்பையைக் கவ்வவைத்து ‘காவல் பயிற்சி’ என்று காசு வாங்குபவர்கள் உண்டு. என்னிடமும் ஒருவர் வந்தார்; அனுப்பிவிட்டேன். ஜெர்மனியில் ஷுட்ஸ்ஹுண்ட் என்று தொடங்கி இன்று ஐஜிபி என்ற பெயரில் நடக்கும் தேர்வில் மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதிகள். பாதுகாப்புப் பகுதியில்கூட நாய் எத்தனை வேகமாகக் கவ்வுகிறது என்பதோடு, ஒரு சொல்லுக்கு உடனே விடுகிறதா, அசையாமல் நிற்கும் ஆளைத் தொடாமல் காவல் காக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ‘விடு’ தெரியாத நாய்க்குக் ‘கடி’ சொல்லிக்கொடுப்பதைவிட மடத்தனம் இல்லை. உண்மையில் நம் வீட்டுக்குக் ‘கடி’ தேவையே இல்லை. சொல்லிக்கொடுக்காமலேயே இவை செய்வது போதும்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேசத் தரப்படி ஆண் டோபர்மேன் 68 முதல் 72 செ.மீ. உயரம், 40 முதல் 45 கிலோ. பெண் ராட்வீலர் 56 முதல் 63 செ.மீ., சுமார் 42 கிலோ. எடை கிட்டத்தட்ட ஒன்றே, உயரத்தில் அரைச் சாண் குறைவு. ராட்வீலருக்கு மூட்டுதான் பலவீனம். வளரும் பருவத்தில் குண்டாக விடக் கூடாது, படிக்கட்டில் குதிக்கவிடக் கூடாது. எலும்புப் புற்றும் இந்த இனத்தில் அதிகம். ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்த ராட்வீலர்களில் அதன் வாய்ப்பு கூடுவதாக 2002இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பொம்மிக்கு அதனால் தள்ளிப்போட்டேன். எச்சில், முடி உதிர்வு, குறட்டை எல்லாம் பழகிவிடும்.

டோபர்மேனில் பழகாதது இதயம். இதயத் தசை தளர்ந்து அறைகள் விரியும் நோய் இந்த இனத்தில் பயங்கரமாகப் பரவியிருக்கிறது. ஐரோப்பிய டோபர்மேன்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை அது தாக்குவதாக 2010இல் வந்த ஆய்வு சொல்கிறது. நாய் ஓடும், தின்னும், விளையாடும், வெளியே ஒன்றும் தெரியாது. சிலவற்றில் முதல் அறிகுறியே திடீர் மரணம். சீசருக்கு ஆண்டுதோறும் எக்கோ என்ற இதய ஸ்கேனும், ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியும் வைத்துப் பார்த்தோம். ஒரு வருடம் பதிவில் தவறிய துடிப்புகள் நிறைய இருந்தன. எக்கோவில் இடது கீழறை விரியத் தொடங்கியிருந்தது. பைமோபெண்டான் என்ற இதய மாத்திரையைத் தொடங்கினார் மருத்துவர். அது அவனுக்கு நல்ல காலத்தைக் கூட்டித் தந்தது, நோயைப் போக்கவில்லை.

அடுத்து எது வளர்ப்பாய் என்று கேட்கிறார்கள். பயிற்சி தருவதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை வைத்துச் சொன்னால் மறுபடியும் டோபர்மேன்தான். ஆனால் தாய் தந்தை இரண்டுக்கும் சமீபத்திய எக்கோ, ஹோல்டர் அறிக்கைகள் கையில் வேண்டும். தாத்தா பாட்டி நாய்கள் எத்தனை வயதில், எதனால் செத்தன என்று வளர்ப்பவர் தயங்காமல் சொல்ல வேண்டும். காதும் வாலும் வெட்டாத குட்டியாக இருக்க வேண்டும். இந்த இனம் பிறந்த ஜெர்மனியிலேயே காது வெட்டுவது 1987லும் வால் வெட்டுவது 1998லும் தடைசெய்யப்பட்டுவிட்டது. இத்தனையும் கேட்டதும் பேச்சை மாற்றும் வளர்ப்பாளர்களைத்தான் இதுவரை பார்த்தேன். அதுவரைக்கும் வாசலைப் பொம்மி பார்த்துக்கொள்கிறாள். தெருவில் என் பாதுகாப்பை நானே பார்த்துக்கொள்கிறேன்.