செஃபாரியா: மூலமும் உரையும் ஒரே திரையில்

யூத மறைநூல்களையும் அவற்றுக்குத் தலைமுறைதோறும் எழுதப்பட்ட உரைகளையும் கட்டணமின்றி வாசிக்கத் தரும் செஃபாரியா என்னும் இணைய நூலகத்தை, ஜோஷுவா ஃபோயரும் பிரெட் லாக்ஸ்பைசரும் 2011இல் தொடங்கினர். யூதர்களிடையே போதனையும் தலைமையும் எவ்வாறு கைமாறி வந்தன என்பதை மூலநூல்களின் வழியே அறிய விரும்புவோருக்கு, இதைவிட நல்ல வாயிலை நான் கண்டதில்லை.

மறைநூலின் எண்ணாகமம் என்னும் பகுதியின் 27ஆம் அதிகாரத்தைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தேன். இறப்பு நெருங்கிவிட்டதை அறிந்த மோசே, தமக்குப் பின் மக்களை நடத்த ஒருவரை நியமிக்கும்படி கடவுளை வேண்டும் பகுதி அது. 16ஆம் வசனத்தைத் தொட்டதும் அதற்குரிய உரைகள் பக்கத்திலேயே விரிகின்றன. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷியின் உரை, தம் மேன்மை தம் மகன்களைச் சேர வேண்டும் என்றே மோசே விரும்பினார் என்றும், கூடாரத்தை விட்டு அகலாமல் பணிசெய்த மாணவன் யோசுவாவுக்கே அது உரியது என்று கடவுள் மறுத்தார் என்றும் சொல்கிறது. 23ஆம் வசனத்துக்கான உரை இன்னும் நெகிழ்த்துகிறது: கடவுள் ஒரு கையை வைக்கச் சொன்னபோதும் மோசே இரு கைகளையும் யோசுவாவின் மேல் வைத்து, தம் ஞானத்தை மனமாரப் பொழிந்தாராம். ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு மாணவனுக்கு முழுமையாக வழங்கிய அந்த ஆசிரியரை, இரண்டு உரைகளையும் அடுத்தடுத்து வாசித்ததால்தான் நான் கண்டுகொண்டேன்.

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதுக்கு, அறிஞர் ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017 முதல் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மெனாகோத் என்னும் பகுதியின் 29ஆம் ஏட்டின் இரண்டாம் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே மோசே, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வரவிருக்கும் யூதப் போதகரான ரபி அகிவாவின் வகுப்பில் எட்டு வரிசைகளுக்குப் பின்னால் அமர்ந்து, பாடம் ஒன்றும் புரியாமல் சோர்ந்துபோகிறார். இதை எங்கிருந்து பெற்றீர்கள் என்று மாணவர்கள் கேட்க, சீனாய் மலையில் மோசேக்கு அருளப்பட்டது என்று அகிவா விடை சொன்ன பிறகே மோசேயின் மனம் அமைதி அடைகிறது.

நாள்தோறும் தல்மூதில் ஓர் ஏடு படிப்போருக்கான அட்டவணையும் உண்டு. ஓய்வுநாளில் மின்கருவிகளைத் தொடாத யூதர்களுக்கு இத்தளம் அன்று பயன்படாது என்றாலும், ஆசிரியர்கள் தொகுத்துவைக்கும் பாடத்தாள்களை முன்னதாகவே அச்சிட்டுக்கொள்ளலாம். இருவர் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டுப் படிக்கும் கவ்ரூதா முறைக்கு அத்தாள்கள் மிகவும் பொருந்தும். தனியாகத் திரையைப் பார்த்துப் படித்தபோது எனக்கு எழாத கேள்விகள், நண்பருடன் படித்தபோதுதான் எழுந்தன.

புதியவர்கள், யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ஆவோத் பகுதியின் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். தோரா என்னும் இறைபோதனை மோசேயிடமிருந்து யோசுவாவுக்கும், அவரிடமிருந்து மூப்பர்களுக்கும், பின்னர் இறைவாக்கினர்களுக்கும், பெருஞ்சபை என்னும் பழங்கால அறிஞர் குழுவினருக்கும் வந்த வரிசையை அதன் முதல் வரியே தருகிறது.