மாம்பலத்தில் வாடகையா, கூடுவாஞ்சேரியில் சொந்த ஃபிளாட்டா?

கையில் 15 லட்சம் இருக்கிறது, வங்கி 50 லட்சம் தரத் தயார், கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் சென்னை நகரத்துக்குள் வேலை. மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கே இருந்துவிடலாமா, தெற்குப் புறநகரான கூடுவாஞ்சேரியில் புது ரெண்டு பெட்ரூம் வாங்கலாமா, இல்லை அதே காசுக்கு மாம்பலம், சைதாப்பேட்டை பக்கம் முப்பது வருஷப் பழைய சின்ன ஃபிளாட் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாமா? என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கூடுவாஞ்சேரி. வீடு புதுசு, லிஃப்ட், கார் பார்க்கிங், காற்றோட்டம் எல்லாம் உண்டு. மாம்பலத்துக்கு நேரடி மின்சார ரயில் இருக்கிறது, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் பக்கத்திலேயே திறந்துவிட்டார்கள். ஆனால் 50 லட்சம் கடனுக்கு 8.5% வட்டியில் 20 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 43,400 ரூபாய், அதில் முதல் மாதம் வட்டிக்குப் போவது மட்டும் 35,400. வருஷக்கணக்கில் வங்கிக்குத்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கட்டடம் பழசாகப் பழசாக அதன் மதிப்பு இறங்கும், ஏறுவது அடியில் இருக்கிற நிலம்தான். அதனால் சதுர அடி விலையைக் கேட்பதற்கு முன்னால் யுடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பெயருக்கு எவ்வளவு பதிவாகிறது என்று கேளுங்கள்.

இங்கேதான் பழைய ஃபிளாட் ஜெயிக்கிறது. தமிழ்நாட்டில் முன்பு எஃப்எஸ்ஐ, அதாவது நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற அளவு, 1.5ஆக இருந்தது, 2019 விதிகளில் 2 ஆனது, அடுக்குமாடி உயரக் கட்டடங்களுக்கு 3.25. தோராயமாகக் கணக்குப் போட்டால் 900 சதுர அடி வீட்டுக்குப் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 600 சதுர அடி நிலம் வரும், புது டவரில் 280கூட வராது. மாம்பலத்தில் இந்தப் பணத்துக்கு 900 கிடைக்காது, 550 அடி ஒற்றை பெட்ரூம் கிடைத்தாலே நல்லது, ஆனாலும் அதற்கான நிலப் பங்கு நகரத்தின் நடுவில் இருக்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்பதால், ஒரே ஒருத்தர் முரண்டு பிடித்து எல்லாம் நின்றுபோகிற கதையும் குறையும். சங்கடங்களும் உண்டு: ரொம்பப் பழைய கட்டடத்துக்கு வங்கி கடன் தரத் தயங்கும், லிஃப்ட் இருக்காது, தண்ணீர்க் குழாயும் வயரிங்கும் மாற்ற வேண்டிவரும், மறுவிற்பனைக்குப் பத்திரச் செலவு 9%. கட்டிக்கொண்டிருக்கிற ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி வருமே, அது பழைய வீட்டுக்கு இல்லை என்பது ஒரு ஆறுதல்.

சரி, விலை மட்டுமா சொத்து? வீடு இருக்கிற இடம் சம்பாத்தியத்தையும் தீர்மானிக்கிறது, இதைத்தான் நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. துரைப்பாக்கத்தில் இருக்கிற கண்ணகி நகரைப் பாருங்கள். 2000 முதல் நகரத்தின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே அனுப்பினார்கள். தலைக்கு மேல் கான்கிரீட் கூரை வந்தது, ஆனால் பழைய பேட்டையில் நடந்தே நாலு வீட்டு வேலை பார்த்த பெண்களுக்கு பஸ் நேரமும் பஸ் காசும் கட்டுப்படியாகாமல் அந்த வருமானம் போனது, பையன்கள் முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்கவில்லை என்றார்கள். வீடு கொடுத்தும் குடும்பம் ஏழையானது. அவர்களை யாரும் கேட்டு அனுப்பவில்லை, நமக்குத் தேர்வு இருக்கிறது, அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் கணக்கு ஒன்றுதான். குழந்தை பிறந்த பிறகு தினம் மூன்று மணி நேரம் ரயிலிலும் ஆட்டோவிலும் கழிய, கடைசியில் வேலையை விடுவது பெரும்பாலும் பெண்தான். மாதம் 25,000 சம்பளம் நின்றால் வருஷத்துக்கு 3 லட்சம் நஷ்டம், எந்தப் புறநகர் விலையேற்றம் இதை ஈடு கட்டும்? அம்மா வீடு பக்கத்தில் இருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், அதுவும் பணம்தான்.

வாடகை பற்றிச் சுருக்கமாக. மாம்பலத்தில் 22,000 வாடகை கொடுத்துவிட்டு, இஎம்ஐக்குப் போயிருக்கும் மீதி 21,000ஐ மாதம் தவறாமல் வங்கி ஆர்டியிலோ மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியிலோ போடுகிறவர் தாராளமாக வாடகைக்கு இருக்கலாம். போடமாட்டேன், கையில் இருந்தால் செலவாகிவிடும் என்றால் கடன் கட்டுவதே மேல், இஎம்ஐ கழுத்தைப் பிடித்தாவது சேமிக்க வைக்கும்.

கூடுவாஞ்சேரி யாருக்கு? மறைமலைநகர், மகிந்திரா சிட்டி பக்கம் வேலை இருப்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அவர்களுக்கு நகரமே அதுதான். வாங்குவதென்றால் அந்தத் தெருவில் 2015லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பில்டரிடம் கேட்காமல் மூலைக் கடைக்காரரிடம் கேளுங்கள், அப்புறம் டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள்.