ஹேர் ஃபைபரா, ஹேர் பேட்ச்சா?

உச்சியில மண்டை தெரிய ஆரம்பிச்சதுமே எல்லாரும் பேட்ச் (மண்டையில ஒட்டுற இல்ல க்ளிப்ல மாட்டுற முடித் துண்டு) என்ன விலைன்னுதான் கேக்குறாங்க, ஆனா முடி ஓரளவு மிச்சம் இருந்தா ஃபைபரே போதும்ங்க. ஃபைபர்ங்கிறது பெரும்பாலும் கெரட்டின் (முடியில இருக்குற அதே புரதம்) பொடிதான், ஸ்டாட்டிக் மின்சாரத்தால, இருக்குற முடிமேலயே ஒட்டிக்கும், ஒவ்வொரு முடியும் தடிமனா தெரியும். ஒட்டிக்க முடியே இல்லாத மொட்டை இடத்துல தூவுனா மை கொட்டுன மாதிரிதான் இருக்கும். எண்ணெய் இல்லாம தலை நல்லா காஞ்சிருக்கணும், வகிட்டுப் பக்கம் கொஞ்சமா தூவி விரலால லேசா தட்டிவிட்டு மேல ஸ்ப்ரே அடிச்சா பாதி நாள் கவலையில்ல. நம்மாளுங்க கலர்லதான் சொதப்புவாங்க, முடி லேசா பிரவுனா இருக்கும், வாங்குறது ஜெட் ப்ளாக்! சென்னை மே மாச வெயில்ல நெத்திய கர்ச்சீப்பால தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க, இல்லன்னா கர்ச்சீப் கறுப்பாயிடும். ராத்திரி ஷாம்பு போட்டா மொத்தமா போயிடும்.

உச்சி சுத்தமா காலின்னா பேட்ச்தான் வழி. மழையில நனையலாம், ஆனா டேப், க்ளூ போட்டு ஒட்டுனது சில வாரத்துக்கு ஒருதடவை கழட்டி கழுவி திரும்ப ஒட்டணும், விட்டா அரிப்பும் நாத்தமும். பேட்ச்சோட அடிப்பாகம் வலை மாதிரி லேஸ்னா காத்து போகும், சிந்தெடிக் ஷீட்னா உள்ள வேர்த்துக் கொட்டும். க்ளிப் டைப் ஈசிதான், ஆனா தினமும் ஒரே இடத்துல மாட்டுனா சுத்தி இருக்குற முடியும் இழுபட்டு கொட்டும், அதனால க்ளிப் இடத்தை அப்பப்ப மாத்துங்க. க்ளூன்னா முதல்ல காதுக்குப் பின்னாடி துளி வெச்சு ஒருநாள் பாத்துட்டு தலைக்குப் போங்க.