தேக்காவில் வாங்கிய ஐம்பது முகக்கவசங்கள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மருந்துக்கடையில் வாங்கிய மூன்றடுக்கு முகக்கவசம், பெட்டிக்கு 50. மூக்குக் கம்பி நல்ல கெட்டி, அழுத்தினால் அப்படியே நிற்கிறது, கண்ணாடியில் ஆவி படியவில்லை. காது வார் மட்டும் மோசம். ஐந்தில் ஒன்று போடும்போதே ஒட்டிய இடத்தில் பிய்ந்து வந்துவிடுகிறது, அம்மாவை பாலிகிளினிக்குக் கூட்டிப் போன அன்று எம்ஆர்டி ரயிலில் இரண்டு போனது.

கொரோனாவைத் தடுக்க ஊரடங்கு இருந்தால் போதும், முகக்கவசம் எதற்கு என்று வீட்டில் இன்னும் வாதம் நடக்கிறது. இங்கே 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமி முறியடிப்புக் காலம், அதாவது ஊரடங்கு, நடுவிலே ஏப்ரல் 14 அன்று முகக்கவசமும் கட்டாயம், அதனால் எது எவ்வளவு தடுத்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் அந்த இரண்டு மாதம் அம்மா பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்காது. ஊரடங்கு ஆள்களையே பிரித்து வைக்கிறது. முகக்கவசம் இருமுகிறவர் வாயிலிருந்து வரும் துளிகளை நடு அடுக்கில் பிடித்துக்கொள்கிறது, வேலையும் நடக்கிறது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தால் ஊரடங்கு வேண்டும்தான், மற்ற நேரத்தில் என் ஓட்டு இதற்கே.

கன்னத்தோரம் இடைவெளி விடுகிறது, முடிச்சுப் போட்டுத்தான் அம்மாவுக்கு மாட்டுகிறேன். அடுத்த பெட்டி வேறு கடையில்.