ஆத்தங்குடித் தரைக்கு முதல் மார்க்

தவழ்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, அங்கே தரை எப்படி என்றுதான். பத்து மாதக் குழந்தைக்குப் பர்மா தேக்கும் ஒன்றுதான், பந்தல் காலும் ஒன்றுதான். இறக்கிவிட்டால் ஊர்ந்து போக இடம் இருக்கிறதா, கைக்கு எட்டுகிற தூரத்தில் வாயில் போட என்ன கிடக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்குத்தான் முதல் மார்க் போடுவேன்.

நான் காரைக்குடிக்காரி. மகனும் மருமகளும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். அரையாண்டு விடுமுறைக்கு வந்தபோது எல்.கே.ஜி. படிக்கிற பேரனும் தவழ்கிற பேத்தியும் சேர்ந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டார்கள். சரி, வெளியே கிளம்புவோம் என்று காரை எடுத்தோம். இணையத்தில் செட்டிநாடு பற்றித் தேடினால் கட்டடக்கலை, சமையல், பழம்பொருள் என்று பெரியவர்களுக்கானதாகவே வருகிறது. அதனால் பிள்ளைகள் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

பெரிய வீட்டை அரண்மனை என்றும் சொல்வார்கள். கட்டணம் கட்டி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போகலாம். வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்கு, வந்ததும் பேத்தியை இறக்கிவிட்டோம். பூப்போட்ட தரை அவளுக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. ஒரு பூவைத் தட்டுவாள், அடுத்த பூவுக்குப் போவாள், அதையும் தட்டுவாள். வெயில் நேரத்திலும் தரை சில்லென்று இருந்தது. கனத்த சுவர், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் வானம் பார்த்த முற்றம் என்று அந்தக் காலத்தில் காற்றுக்கு வழிவிட்டுக் கட்டிய வீடுகள் இவை. மின்விசிறியைத் தேட வேண்டியதில்லை.

பேரனுக்குப் பிடித்தது வேறு. செட்டிநாட்டு வீடுகளில் பல, ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும். முகப்பில் நின்று பார்த்தால் கட்டுக்குக் கட்டு நிலைக்கதவுகள் நேர்கோட்டில் தெரியும். நாலு வயதுப் பையனுக்கு அதைக் கண்டதும் கால் நிற்குமா? அவன் ஓட, அவன் அப்பா பின்னாலேயே போக, எனக்குச் சிரிப்புத்தான். ஓடவிடலாம், ஆனால் நிலைப்படி உயரம். தடுக்கி விழுந்தால் பல் போகும். திண்ணைக்கும் கைப்பிடி கிடையாது. தள்ளுவண்டியைக் காரிலேயே வைத்துவிடுங்கள், இந்தப் படிகளில் அது சுமைதான்.

குறைகளும் உண்டு. குழந்தைக்கு டயப்பர் மாற்றத் தனி இடம் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கேயும் நான் பார்க்கவில்லை. பாயும் ஒரு பழைய வேட்டியும் காரில் இருந்ததால் சமாளித்தோம். புகைப்படக் கூட்டம் இன்னொரு தொந்தரவு. கல்யாண ஜோடிகள் வெளிச்சம் பார்த்து நிற்கிற இடத்துக்கே பேத்தியும் தவழ்ந்து போனாள். காலையில் கதவு திறந்ததும் போய்விட்டால் இந்தச் சிக்கல் குறைவு.

அப்புறம், அந்தப் பூப்போட்ட தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை, அதாவது டைலை, செய்கிற பட்டறை. ஊருக்குள் பல இருக்கின்றன, பெரும்பாலும் கேட்டால் உள்ளே விடுவார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு சாயக் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிமெண்டும் சாயப்பொடியும் கலந்த கூழ் அது. அச்சை மெல்லத் தூக்கினால் நிறம் நிறத்தோடு கலக்காமல் பூ அப்படியே நிற்கிறது. பேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டி எடுத்து வைத்துவிடுகிறார்கள். சூளையும் கிடையாது, சுடுவதும் கிடையாது. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறவைத்து மறுபடி காயவைத்தால் கல் தயார். பளபளப்பு வருவது அந்தக் கண்ணாடியிலிருந்துதான்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர் அச்சே இல்லாமல் மூன்று நிறத்தை ஊற்றி, கையாலேயே இழுத்து ஒரு பூ போட்டுக் காட்டினார். பேரன் என் சேலையைப் பிடித்து இழுத்து, “அப்பத்தா, நானும் ஊத்துறேன்” என்றான். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி மஞ்சளைக் கொடுத்தார். “மெதுவா ஊத்துங்க தம்பி, அவசரப்பட்டா பூ கலைஞ்சிடும்.” பாதி சட்டத்துக்குள் போனது, பாதி அவன் டவுசரில். சாயம் போகவில்லை, எனவே பழைய உடுப்பைப் போட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். தோலில் பட்ட சிமெண்டையும் உடனே கழுவிவிட வேண்டும்.

ஆனால் இங்கே தவழ்கிற பிள்ளையை இறக்கவே கூடாது. உடைந்த கண்ணாடி, சிமெண்டுத் தூசி, திறந்த தண்ணீர்த் தொட்டி, மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. பேத்தியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. மருமகளும் நானும் மாற்றி மாற்றித் தூக்கினோம்.

சாப்பாட்டுக்குக் காரைக்குடி திரும்பி, பேர்பெற்ற ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். பெரியவர்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நண்டு மசாலா பிரமாதம். பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். காரம் இல்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்டால், “எல்லாம் மைல்டுதாம்மா” என்று சொல்லிவிட்டு மிளகு மிதக்கிற குழம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். செட்டிநாடு என்றாலே காரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதற்கு இப்படிப்பட்ட கடைகள்தான் காரணம். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், பால் பணியாரமும், கவுனி அரிசியும் எங்கே போயின? பிள்ளைகளுக்கென்றே பண்ணியது மாதிரி இத்தனை பண்டங்கள் இருக்கிற சமையல் இது! மாலைப் பலகாரக் கடையில் வெள்ளைப் பணியாரம் சட்னி தொடாமல் இரண்டு உள்ளே போன பிறகுதான் பேரன் முகம் தெளிந்தது. பேத்திக்கு ஒரு வயது ஆகும்வரை சர்க்கரையும் உப்பும் கிடையாது என்பது மருமகள் சட்டம். “அத்தை, ஒரு வாய்கூட வேண்டாம்” என்றாள். டாக்டர் சொன்னதும் அதுதான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டிலிருந்து குழைத்துக் கொண்டுபோன பருப்புச் சாதத்தோடு பேத்தியின் விருந்து முடிந்தது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி காலத்தில் கட்டியது. மேலே பீரங்கி இருக்கிறது, பேரன் இறங்க மாட்டேன் என்றான். ஆனால் பாறை வெயிலில் கொதிக்கும், நிழல் இல்லை. கைக்குழந்தைக்கு ஆகாது. பிள்ளையார்பட்டியில் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். கற்பக விநாயகருக்கு நாலு கை இல்லை, இரண்டுதான். அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளை வரிசையில் அழாமல் நிற்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு, பீங்கானும் கண்ணாடியும் அடுக்கிய பழம்பொருள் கடைகளுக்கு, நடக்கப் பழகுகிற பிள்ளையைத் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். வண்ணப் பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும், வேண்டியதை அதில் போட்டு எடுத்து நாள் முழுக்க விளையாடும்.

மாலைக்கு ஒன்றே ஒன்று: திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். மழைக்குப் பிறகு, நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் கண்மாய் மரமெல்லாம் பறவை. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். பைனாகுலரில் அதைக் காட்டியதும், “அதுக்குப் பல்லு விழுந்துடுச்சா?” என்று கேட்டான் பேரன். இந்தப் பறவைகளுக்காகத்தான் அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று சொன்னேன். அவனுக்கு அது பெரிய தியாகமாகப் பட்டிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கரையில் முள் கிடக்கும், செருப்போடு நடத்துங்கள். தரைக்கு இங்கே மார்க் இல்லை.

பேத்தி தவழ்ந்த அழகைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் வீட்டுக்கும் ஆத்தங்குடிக் கல்லே போடலாமா என்று மகன் கேட்டான். போடலாம். நடக்க நடக்க மெருகேறும், எப்போதாவது துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் இது சிமெண்டுக் கல். எலுமிச்சைச் சாறு கொட்டினால் உடனே துடைக்க வேண்டும், ஆசிட் பக்கமே போகக்கூடாது. அவன் வீட்டு வேலைக்கார அம்மா குளியலறைக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் கூடத்துக்கும் ஊற்றுகிறவர். முதலில் அவரிடம் பேசிவிட்டு வா, அப்புறம் கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.